ரெட் ஸ்டீல்: வாளை விற்ற கதை

கையில் ஒரு குச்சி கிடைத்தால் சின்னப் பையன் என்ன செய்வான்? யாரும் சொல்லித்தர வேண்டாம், அதை வாளாக்கி வீச ஆரம்பித்துவிடுவான். எந்த ஊர், எந்த மொழி என்பதெல்லாம் கணக்கே இல்லை. இந்த ஆசைக்கு ஐம்பது டாலர் விலை போட்டு விற்கப் பார்த்த ஒரு வீடியோ கேமைப் பற்றித்தான் இன்றைய பதிவு.

கேமின் பெயர் ரெட் ஸ்டீல். பிரான்ஸ் நாட்டு யூபிசாஃப்ட் நிறுவனத்தின் பாரிஸ் ஸ்டூடியோ செய்தது. நிண்டெண்டோவின் வீ கன்சோல் அமெரிக்கக் கடைகளுக்கு வந்த அதே நாளில், 2006 நவம்பர் 19 அன்று, இதுவும் வந்தது. ஒரு கையில் துப்பாக்கி, தேவைப்பட்டால் வாள். பட்டனை அமுக்க வேண்டாம், நிஜமாகவே கையை வீசினால் போதும் என்றார்கள்.

இதைப் பற்றிப் பேசுகிறவர்கள் பெரும்பாலும் "ஃபிளாப்" என்று ஒரே வார்த்தையில் முடித்துவிடுகிறார்கள். பி.காம் படிக்கிறவன் கண்ணுக்கு விஷயம் அவ்வளவு லேசாகத் தெரியவில்லை. ஏனென்றால் இந்த மோசமான கேம் நன்றாக விற்றது, பத்து லட்சம் பிரதிகளுக்கு மேல். நாலு வருஷம் கழித்து வந்த நல்ல இரண்டாம் பாகம்தான் விற்கவில்லை. முதல் பாகம் வாங்கிய கடனை இரண்டாம் பாகம் கட்டியது என்பது என் கட்சி.

முதலில் நிண்டெண்டோவின் அன்றைய நிலைமையைப் பார்த்துவிடுவோம். கேம்கியூப் என்ற அவர்களுடைய முந்தைய கன்சோல் மொத்தமே சுமார் 2.17 கோடிதான் விற்றது. சோனியின் பிளேஸ்டேஷன் 2 பதினைந்து கோடியைத் தாண்டியது. கேம் உலகுக்குப் புதுசாக வந்த மைக்ரோசாஃப்டின் எக்ஸ்பாக்ஸ் கூட கேம்கியூபை விட அதிகம் விற்றுவிட்டது. படத்தின் தெளிவில் போட்டி போட்டு ஜெயிக்க முடியாது என்று தெரிந்துகொண்ட நிண்டெண்டோ, வேறு பக்கம் திரும்பியது. 2005 செப்டம்பரில் டோக்கியோ கேம் ஷோவில் அதன் தலைவர் சடோரு இவாட்டா ஒரு கன்ட்ரோலரைத் தூக்கிக் காட்டினார். பார்க்க அப்படியே டிவி ரிமோட்!

அன்றைக்குக் காட்டிய வீடியோவை இன்றும் தேடிப் பார்க்கலாம், ரொம்ப சுவாரசியமானது. அதில் ஒரு கேம் கூட இல்லை! விளையாடுகிறவர்களின் முகமும் கையும் மட்டும்தான். ஒருவர் மீன் பிடிக்கிறார், ஒருவர் பல் மருத்துவர் மாதிரி குனிகிறார், ஒருவர் இசைக்குழுவை நடத்துகிறார், ஒருவர் வாள் வீசுகிறார். திரையில் என்ன நடக்கிறது என்பது பார்ப்பவர்களின் கற்பனைக்கே விடப்பட்டது. கற்பனைக்கு ஏது எல்லை? எல்லாரும் அவரவர் தலைக்குள் ஒரு வாளைச் செய்துகொண்டார்கள். யூபிசாஃப்ட் உள்ளே வருவதற்கு முன்பே வாக்குறுதி கொடுத்தாகிவிட்டது, கொடுத்தது நிண்டெண்டோ என்பதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

அந்தக் கற்பனைக்கு முதலில் உருவம் கொடுத்தவர்களில் யூபிசாஃப்ட் ஒன்று. அமெரிக்காவின் கேம் இன்ஃபார்மர் பத்திரிகையின் 2006 மே இதழ் அட்டையில் ரெட் ஸ்டீல் வந்தது. அப்போது கன்சோலுக்கு வீ என்ற பெயர் கூட வெளியே சொல்லப்படவில்லை, "ரெவல்யூஷன்" என்ற சங்கேதப் பெயர்தான். உள்ளே பளபளக்கும் படங்கள்: ஜப்பானிய விடுதி, எதிரே வாள் உருவிய யாகுசா அடியாள். (யாகுசா என்றால் ஜப்பானின் தாதா கும்பல்.) கடைசியில் கடைக்கு வந்த கேம் அந்தப் படங்கள் மாதிரி இல்லை என்று ஒரு பெரிய புகார் எழுந்தது. அது இருக்கட்டும், படம் மங்கலாக இருப்பது சின்னக் குறை. பெரிய குறை கையில் இருந்தது.

இங்கே கொஞ்சம் அறிவியல் பேசியாக வேண்டும். பயப்படாதீர்கள், எனக்கும் பதினொன்றாம் வகுப்பிலேயே இயற்பியலோடு உறவு முடிந்துவிட்டது. :-)

வீ ரிமோட்டுக்குள் இரண்டு முக்கியமான உறுப்புகள் இருந்தன. ஒன்று, முன்பக்கத்தில் அகச்சிவப்புக் கதிரைப் பார்க்கும் சின்னக் கேமரா. டிவிக்கு மேலோ கீழோ வைக்கிற "சென்சார் பார்" என்ற பட்டையைப் பலர் பார்த்திருப்பீர்கள். பெயர்தான் சென்சார், அதற்குள் சென்சார் எதுவும் கிடையாது! இரண்டு பக்கமும் சில அகச்சிவப்பு எல்.ஈ.டி. விளக்குகள், அவ்வளவுதான். அந்த விளக்குகளை ரிமோட்டின் கேமரா பார்த்து, "நான் திரையில் இந்த இடத்தைக் காட்டிக்கொண்டிருக்கிறேன்" என்று கணக்குப் போடும். துப்பாக்கி குறி பார்க்க இது அருமையான ஏற்பாடு. ஆனால் ரிமோட் டிவியைப் பார்த்தபடி இருக்கும் வரைதான். கையைத் தோளுக்கு மேல் ஓங்கினால் கேமரா கூரையைப் பார்க்கும், கூரையில் விளக்கு இல்லை.

இரண்டாவது, முடுக்கமானி. அனலாக் டிவைசஸ் நிறுவனம் செய்த சின்னச் சில்லு. மூன்று திசைகளில் வேகம் கூடுவதையும் குறைவதையும் அளக்கும். இதன் வரம்பைப் புரிந்துகொள்ள ஒரு வழி: கண்ணை மூடிக்கொண்டு பஸ்ஸில் நின்று பாருங்கள். டிரைவர் பிரேக் போட்டால் தெரியும், கிளம்பினால் தெரியும், வளைவில் உடம்பு சாயும்போது தெரியும். ஒரே வேகத்தில் நேராகப் போகும்போது? ஒன்றும் தெரியாது. பஸ் இப்போது எந்த ஸ்டாப்பைத் தாண்டியிருக்கிறது என்று அந்தக் குலுக்கலை மட்டும் வைத்து உங்களால் சொல்ல முடியுமா? முடுக்கமானியின் நிலைமையும் அதுதான். இதற்கு மேல் இன்னொரு தொல்லை: பூமியின் ஈர்ப்பும் அதற்கு ஒரு இழுப்பாகத்தான் தெரியும். ரிமோட் அசையாமல் இருந்தால் அந்த இழுப்பை வைத்து சாய்வைக் கண்டுபிடித்துவிடலாம். வேகமாக வீசும்போது எது ஈர்ப்பு, எது கை என்று பிரிக்க முடியாது.

"முடுக்கத்தைக் கூட்டினால் வேகம், வேகத்தைக் கூட்டினால் இடம் வருமே?" என்று அறிவியல் பிரிவு நண்பர்கள் கேட்கலாம். வரும். ஆனால் ரொக்க ஏட்டில் ஒவ்வொரு வரியிலும் ஒரு ரூபாய் தப்பாக எழுதிக்கொண்டே போய், அந்தத் தப்பான பாக்கிகளை எல்லாம் மறுபடியும் ஒரு முறை கூட்டினால் என்ன ஆகும்? சில நொடிகளுக்குள் உங்கள் வாள் பக்கத்து வீட்டில் இருக்கும். போதாக்குறைக்கு அந்தச் சில்லு உத்தரவாதமாக அளப்பது ஈர்ப்பைப் போல மூன்று மடங்கு வரைதான். ஆத்திரத்தோடு வீசும் கை அதைச் சுலபமாகத் தாண்டிவிடும்.

ஆக, 2006-ல் இருந்த வீ ரிமோட்டுக்கு உங்கள் கையில் இருக்கும் வாள் எங்கே இருக்கிறது என்று தெரியாது. ஏதோ ஒன்று படாரென்று ஆடியது, கிட்டத்தட்ட இந்தப் பக்கமாக ஆடியது என்பது வரைதான் தெரியும்.

ரெட் ஸ்டீல் செய்தவர்களுக்கு இது தெரியாமல் இருந்திருக்காது. வீயின் ஆரம்ப நாட்களில் கேம் செய்பவர்களுக்குக் கிடைத்தவை கேம்கியூப் இயந்திரத்தோடு வயரில் இணைக்கும் மாதிரி கன்ட்ரோலர்கள். அவற்றை வைத்துக்கொண்டு, இன்னும் கடைக்கு வராத ஒரு கன்சோலுக்கு, தேதி தவறாமல் ஒரு கேம் முடிக்க வேண்டும். அவர்கள் எடுத்த முடிவு நியாயமானதுதான்: வாளைப் பின்தொடர வேண்டாம், சில அசைவுகளை மட்டும் அடையாளம் கண்டுகொண்டால் போதும். இடவலமாக ஒரு வெட்டு, மேலிருந்து கீழே ஒரு வெட்டு, இப்படி விரல் விட்டு எண்ணக்கூடிய சில. ரிமோட்டோடு வயரில் தொங்கும் நன்சக் என்ற இடதுகைக் கருவியை அசைத்தால் தடுப்பு. எந்த அசைவு என்று கேம் முடிவு செய்ததும், முன்பே தயாரித்து வைத்த வெட்டு ஒன்று திரையில் ஓடும்.

விளையாடிப் பார்த்தால் இது எப்படி இருக்கும் என்று சொல்கிறேன். என் அத்தை பையன் வீட்டில் இரண்டாம் கை வீ ஒன்று உண்டு. கேம் வந்து பதினைந்து வருஷத்துக்கும் மேல் ஆன பிறகு ஒரு விடுமுறையில் அங்கே உட்கார்ந்துதான் (சரி, நின்றுதான்) இதை ஆடினேன். நீங்கள் சாய்வாக வெட்டுகிறீர்கள். ஒரு கணம் ஒன்றும் இல்லை. பிறகு திரையில் இருக்கும் ஆள் நேராக வெட்டுகிறான். நீங்கள் கையை இறக்கும்போதுதான் அவன் கை ஏறுகிறது. அரைமணி நேரத்தில் உங்களுக்கு ஒரு உண்மை புரிந்துவிடும்: முழுக்கையையும் வீச வேண்டியதே இல்லை, மணிக்கட்டைச் சுண்டினாலே போதும். அதோடு வாள் செத்தது. கையில் இருப்பது மறுபடியும் ஒரு பட்டன், அதுவும் சரியாக வேலை செய்யாத பட்டன். அத்தை வந்து "என்னடா, ஈ ஓட்டுறீங்களா?" என்று கேட்டதை விடச் சரியான விமர்சனத்தை நான் எங்கும் படிக்கவில்லை.

இன்னொன்று. இந்த வாளை நீங்கள் நினைத்தபோது உருவ முடியாது. கேம் குறித்து வைத்த இடங்களில், எதிரி வாளோடு வந்தால்தான் துப்பாக்கி உள்ளே போய் வாள் வெளியே வரும். சுற்றி எல்லாரிடமும் துப்பாக்கி இருக்கும் கதையில், திடீரென்று ஒருவனுக்கு ஒருவன் என்று மரியாதையாக வாள் சண்டை! மற்றபடி நேரம் எல்லாம் சுடுவதுதான்.

சுடுவதும் முழு ஒழுங்கில்லை. குறியைத் திரையின் ஓரத்துக்குக் கொண்டுபோனால்தான் ஆள் திரும்புவான். பின்னால் ஒருவன் சுட்டால், ஓரத்துக்குப் போய், திரும்பி, மறுபடி நடுவுக்கு வந்து... அதற்குள் கதை முடிந்திருக்கும். இதே ரிமோட்டில் 2007-ல் வந்த மெட்ராய்ட் பிரைம் 3 இதை எவ்வளவோ நன்றாகச் செய்தது. 2009-ல் வந்த தி காண்டியூட் என்ற கேம் திரும்பும் வேகம், ஓரத்தின் அளவு எல்லாவற்றையும் ஆடுகிறவரே மாற்றிக்கொள்ள விட்டது. ஆகவே துப்பாக்கிப் பகுதியின் குறைக்குச் சில்லைக் குற்றம் சொல்ல முடியாது, அவசரத்தைத்தான் சொல்ல வேண்டும். வாளுக்கு மட்டும்தான் சில்லின் மேல் பழி.

கதையைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. ஸ்காட் மன்றோ என்ற அமெரிக்க மெய்க்காப்பாளன், அவனுடைய வருங்கால மனைவி மியு. அவள் அப்பா சாட்டோ ஒரு யாகுசா தலைவர் என்று ஸ்காட்டுக்குத் தெரிய வருவதற்குள் அவளைக் கடத்திவிடுகிறார்கள். லாஸ் ஏஞ்சலஸில் ஆரம்பித்து டோக்கியோ போகிறது. வெளிநாட்டுக்காரர்கள் ஜப்பான் என்றதும் நினைக்கும் சாமான்கள் எல்லாம் வரிசையாக வரும்.

ஆனால் இந்தக் கேமில் நல்ல யோசனைகளே இல்லை என்று சொன்னால் அது அநியாயம். வாள் சண்டையில் எதிரியை வீழ்த்திவிட்டால், அவனைக் கொல்லலாம் அல்லது விட்டுவிடலாம். விட்டால் உங்கள் மரியாதை கூடும். நேரத்தை நிறுத்தி, ஒரு கும்பலின் கையில் இருக்கும் துப்பாக்கிகளை மட்டும் குறிபார்த்துச் சுட்டு, சாகடிக்காமல் சரணடைய வைக்கலாம். 2006-ல், எதிரே வருபவனை எல்லாம் சுட்டுத் தள்ளுவதே வேலையாக இருந்த கேம் வகையில், "விட்டுவிடு, அதற்கும் மதிப்பெண் உண்டு" என்று சொன்னது சின்ன விஷயமா? எனக்கு ரொம்பப் பிடித்தது நாலு பேர் ஒரே டிவியில் ஆடும் "கில்லர்" என்ற வகை. வீ ரிமோட்டில் ஒரு குட்டி ஸ்பீக்கர் உண்டு. ஆட்டத்தின் நடுவே உங்கள் ரிமோட் மட்டும் போன் மாதிரி மணியடிக்கும். காதில் வைத்தால் உங்களுக்கு மட்டும் ஒரு ரகசிய உத்தரவு வரும். பக்கத்தில் உட்கார்ந்திருப்பவர்கள் உங்கள் முகத்தையே பார்ப்பார்கள். சில்லால் முடியாததைக் கேட்காமல், முடிந்ததை வைத்துச் செய்த வேலை இது. மொத்தக் கேமும் இப்படி யோசிக்கப்பட்டிருந்தால்!

அதே நாட்களில் அதே ரிமோட்டை வைத்து ஜெயித்தவர்களைப் பார்த்தால் இது இன்னும் தெளிவாகும். கன்சோலோடு (ஜப்பான் தவிர மற்ற பெரிய சந்தைகளில்) இலவசமாக வந்த வீ ஸ்போர்ட்ஸில் டென்னிஸ் உண்டு. அதில் ஆளை நீங்கள் நடத்தவே முடியாது, கேமே பந்துக்கு அருகே ஓட்டிக்கொண்டு போகும். நீங்கள் செய்வது ஒன்றே ஒன்று, சரியான நேரத்தில் கையை வீசுவது. எப்போது வீசினீர்கள், ஏறத்தாழ எவ்வளவு வேகம் என்று தெரிந்தால் போதும். அது முடுக்கமானியால் முடிகிற காரியம். யூபிசாஃப்டே அதே சமயம் வெளியிட்ட ரேமன் ரேவிங் ராபிட்ஸ் சின்னச் சின்ன விளையாட்டுகளின் தொகுப்பு. ஒவ்வொன்றிலும் ஓரிரு அசைவுகள்தான். இதை ஆட்டு, அதைச் சுற்று, முடிந்தது. அடுத்து நீங்கள் என்ன செய்யப்போகிறீர்கள் என்று கேமுக்கு முன்பே தெரியும். வாள் சண்டையில் அப்படி முடியுமா? வாள் ஒவ்வொரு நொடியும் எங்கே இருக்கிறது என்பதுதான் சண்டையே. கிடைத்த கருவியால் அளக்கவே முடியாத ஒன்றை எடுத்து விளம்பரத்தின் முதல் வரியாகப் போட்டார்கள் என்பதுதான் ரெட் ஸ்டீலின் கோளாறு.

அப்படியானால் ஏன் விற்றது? இங்கேதான் நம்ம பாடம் வருகிறது.

கன்சோல் வெளியாகும் நாளில் கடை அலமாரியில் கேம்கள் குறைவாக இருக்கும். 249.99 டாலர் கொடுத்துப் புதுப் பெட்டி வாங்கியவர் (இரண்டு நாள் முன்னால் வந்த பிளேஸ்டேஷன் 3-ன் குறைந்த விலையே 499 டாலர்) கூட ஒன்றிரண்டு கேம் வாங்காமல் போகமாட்டார். சுடும் கேம் பிடித்தவர்களுக்கு, வீக்கென்றே அடியிலிருந்து செய்த கேம் என்றால் ரெட் ஸ்டீல்தான் கண்ணில் படும். ஒரு வருஷம் தள்ளிப்போட்டுத் திருத்தியிருந்தால் நல்ல கேமாகியிருக்கும், ஆனால் அந்த அலமாரியில் அந்த இடம் காலியாக இருந்திருக்காது. தேதியைப் பிடிப்பதா தரத்தைப் பிடிப்பதா என்றால் அந்தக் காலாண்டுக் கணக்குக்குத் தேதிதான் சரி. விமர்சனங்களின் சராசரி மெட்டாக்ரிட்டிக் தளத்தில் நூற்றுக்கு 63. விற்பனை பத்து லட்சத்துக்கு மேல். மேலாளர் யாரும் தூக்கம் கெட்டிருக்க வேண்டியதில்லை.

+2 கணக்குப்பதிவியலில் "நற்பெயர்" என்று ஒரு பாடம் படித்தோமே, ஞாபகம் இருக்கிறதா? புதுக் கூட்டாளி சேரும்போது நிறுவனத்தின் பெயருக்கே ஒரு விலை போடுவார்கள். சராசரி இலாப முறையில், கடந்த சில வருஷங்களின் லாபத்தைக் கூட்டி வகுத்து, இத்தனை வருஷக் கொள்முதல் என்று பெருக்கினால் விடை. 2007-ல் யாராவது ரெட் ஸ்டீல் என்ற பெயருக்கு அந்த முறையில் விலை போட்டிருந்தால் அழகான ஒரு தொகை வந்திருக்கும். பத்து லட்சம் பேர் வாங்கிய பெயர் அல்லவா! ஆனால் அந்தப் பத்து லட்சம் பேரும் வீட்டுக்குப் போய் டிவி முன்னால் நின்று கையை வீசி, திரையில் வேறு எதுவோ நடப்பதைப் பார்த்தவர்கள். அந்த முகச்சுளிப்பு எந்தப் பேரேட்டிலும் ஏறாது. விற்பனை பழையதைச் சொல்லும், நற்பெயர் என்பதோ இனிமேல் வரப்போவதைப் பற்றியது.

இதற்குள் நிண்டெண்டோவுக்கும் தன் வாக்குறுதியின் ஓட்டை தெரிந்திருக்க வேண்டும். 2008 ஜூலையில் வீ மோஷன்பிளஸ் என்று ஒன்றை அறிவித்தார்கள். ரிமோட்டின் அடியில் செருகும் சின்னக் கட்டை, உள்ளே ஜைரோஸ்கோப். இது சுழற்சியின் வேகத்தை அளக்கும். ஈர்ப்பு இதை ஏமாற்றாது. முடுக்கமானியோடு சேர்ந்து வேலை செய்தால், மணிக்கட்டு எந்தக் கோணத்தில் திரும்பியிருக்கிறது என்று உடனுக்குடன் தெரியும். 2009 ஜூனில் கடைக்கு வந்தது. அமெரிக்காவில் தனியாக வாங்கினால் 19.99 டாலர். 2005-ல் காட்டிய வீடியோவுக்கு உண்மையில் தேவைப்பட்ட கருவி இதுதான், கிட்டத்தட்ட நாலு வருஷம் கழித்து, தனி விலையில்!

ரெட் ஸ்டீல் 2 இதை நம்பிச் செய்யப்பட்டது. 2010 மார்ச்சில் வந்தது. மோஷன்பிளஸ் இல்லாமல் ஓடவே ஓடாது என்று துணிந்து சொன்ன மிகச் சில கேம்களில் ஒன்று. தலைமை தாங்கியவர் ஜேசன் வாண்டன்பெர்க். பழைய கதை, பழைய நாயகன், பழைய லாஸ் ஏஞ்சலஸ் எல்லாம் போச்சு. நெவாடா பாலைவனத்தில் ஒரு கற்பனை ஊர், கௌபாயும் சாமுராயும் கலந்த ஒரு உலகம், பெயரில்லாத நாயகன். நிஜம் மாதிரி காட்ட முயலாமல் காமிக்ஸ் புத்தக வண்ணத்தில் வரைந்திருந்தார்கள். அதனால் வீயின் வலுக்குறைவு கண்ணில் படவே இல்லை. வாளையும் துப்பாக்கியையும் நினைத்த நேரத்தில் மாற்றிக்கொள்ளலாம். எந்தப் பக்கம் வீசினீர்கள், எவ்வளவு பலமாக வீசினீர்கள் என்று இரண்டையும் பார்க்கும். கவசம் போட்டவனை மணிக்கட்டைச் சுண்டி வெட்ட முடியாது, தோளிலிருந்து வீசியாக வேண்டும். பத்து நிமிஷத்தில் வேர்க்கும். மெட்டாக்ரிட்டிக் சராசரி 80. பதினேழு மதிப்பெண் முன்னேற்றம், நம்ம செமஸ்டரில் இப்படி ஒரு ஏற்றம் வந்தால் வீட்டில் பாயசம்தான்.

விற்கவில்லை. எதிர்பார்த்த அளவு போகவில்லை, மூன்றாம் பாகம் வரவே இல்லை.

காரணங்கள் பல என்பதை மறுக்கவில்லை. கூடவே ஒரு உறுப்பு வாங்க வேண்டும் என்பது தடை (கட்டையோடு சேர்த்து 59.99 டாலருக்கும் கொடுத்தார்கள்). 2010-க்குள் சுடும் கேம் ஆடுபவர்களில் பெரும்பாலோர் வேறு கன்சோல்களில் குடியேறிவிட்டார்கள். வீ பத்துக் கோடிக்கு மேல் விற்ற பெட்டிதான், ஆனால் பல வீடுகளில் அது குடும்பத்தோடு பௌலிங் ஆடும் பெட்டி. இதெல்லாம் சரி. ஆனால் எனக்கு உறுத்துவது ஒன்று: கதையை மாற்றினார்கள், ஆளை மாற்றினார்கள், ஊரை, ஓவியத்தை, வாளை எல்லாம் மாற்றினார்கள். விடாமல் வைத்துக்கொண்டது பெயரை மட்டும்! சராசரி இலாப முறையில் பார்த்தால் அதுதானே சொத்து? கடையில் அந்தப் பெட்டியை எடுத்துப் பார்க்கும் பழைய வாடிக்கையாளருக்கு அந்தப் பெயர் எதை ஞாபகப்படுத்தியிருக்கும் என்று யோசியுங்கள். "இந்தத் தடவை நிஜமாகவே வாள்" என்று சொன்னால், "போன தடவையும் இதைத்தானே சொன்னீங்க?" என்பதுதான் முதல் பதிலாக இருக்கும். புதுப் பெயரில் வந்திருந்தால் குறைந்தபட்சம் அந்தக் கேள்வியாவது வந்திருக்காது.

2011 நவம்பரில் நிண்டெண்டோவே அதே மோஷன்பிளஸை வைத்து செல்டா வரிசையில் ஸ்கைவேர்ட் சோர்டைக் கொண்டுவந்தது. கையில் இருக்கும் கோணத்தில் திரையிலும் வாள். எதிரி இடப்பக்கம் தடுத்தால் நீங்கள் வலப்பக்கம் வெட்ட வேண்டும். பலர் கொண்டாடினார்கள், பலர் கை வலிக்கிறது என்றார்கள். 2021-ல் ஸ்விட்ச் கன்சோலுக்கு மறுபடி வந்தபோது, வாளைக் கட்டைவிரல் குச்சியிலேயே திருப்பும் வசதியையும் சேர்த்துவிட்டார்கள்.

இதில் இன்னொரு சிக்கலும் உண்டு, அதைச் சென்சார் தீர்க்காது. திரையில் உங்கள் வாளை எதிரி தடுத்துவிட்டான். அவன் வாளில் மோதி உங்கள் வாள் நிற்கிறது. உங்கள் கை? அது பாட்டுக்குப் போய்க்கொண்டே இருக்கிறது, வீட்டுக் காற்றில் தடுக்க என்ன இருக்கிறது! அந்த நொடியில் கையும் திரையும் பிரிந்துவிடுகின்றன. 2018-ல் வந்த பீட் சேபர் இதை நைசாகக் கடந்துபோனது. தலையில் மாட்டும் வி.ஆர். கருவி, இரண்டு கையிலும் ஒளிவாள், எதிரே இசைக்கேற்ப வரும் கட்டைகள். கை இருக்கும் இடம் துல்லியமாகத் தெரியும். அதை விட முக்கியம், அந்தக் கட்டைகள் திருப்பி அடிப்பதில்லை. வெண்ணெய் மாதிரி வெட்டுப்பட்டுப் போகும். ஆகவே கை நிற்க வேண்டிய தேவையே வராது. சண்டையை எடுத்துவிட்டு வாளை மட்டும் வைத்துக்கொண்டார்கள், ஜெயித்தார்கள்.

வாண்டன்பெர்க் அதற்கு நேர் எதிராகப் போனார். அவருக்கு வாள் சண்டை மேல் இருந்த பித்து ரெட் ஸ்டீல் 2-ஓடு முடியவில்லை. நிஜமாகவே நீண்ட வாள் பயிற்சி வகுப்புக்குப் போனவர். யூபிசாஃப்டின் மான்ட்ரியல் ஸ்டூடியோவில் அவர் தலைமையில் உருவான ஃபார் ஹானர் 2017 பிப்ரவரியில் வெளியானது. அதில் கையை எங்கேயும் வீச வேண்டாம். சாதாரண கன்ட்ரோலரின் வலது குச்சிதான் வாள்: மேலே, இடது, வலது என்று மூன்று நிலை. எதிரியின் வாள் எந்தப் பக்கம் நிற்கிறது என்று பார்த்து உங்கள் குச்சியை அந்தப் பக்கம் வைத்தால் தடுப்பு, அவன் மறந்த பக்கம் வைத்தால் வெட்டு. அசைவு கட்டைவிரல் அளவுதான். ஆனால் 2005-ல் டோக்கியோ வீடியோவைப் பார்த்தவர்கள் தலைக்குள் செய்துகொண்ட அந்த வாள், எதிரி கண்ணைப் பார்த்துக்கொண்டு இந்தப் பக்கமா அந்தப் பக்கமா என்று தவிக்கும் வாள், கடைசியில் சென்சார் எதுவும் இல்லாமல் அங்கேதான் வந்து சேர்ந்தது.

பி.கு: பழைய வீ எங்காவது கிடைத்து, சென்சார் பார் தொலைந்து போயிருந்தால் கவலைப்படாதீர்கள். டிவியின் இரண்டு பக்கமும் ஆளுக்கொரு மெழுகுவர்த்தி ஏற்றி வைத்தால் ரிமோட் அதையே அகச்சிவப்பு விளக்கு என்று எடுத்துக்கொள்ளும். ரெட் ஸ்டீலின் துப்பாக்கி அதிலேயே வேலை செய்யும். திரைச்சீலை பக்கத்தில் மட்டும் வைக்காதீர்கள், கையை வீசுகிற கேம் வேறு. நாலு பேர் சேர்ந்தால் நேராக "கில்லர்" பகுதிக்குப் போய்விடுங்கள், கதையைத் தவறவிட்டதற்கு வருத்தப்பட மாட்டீர்கள்.